பாவையும் விளக்கும்

உயிரற்ற உருவம் ஒன்றை உயிருள்ளதுபோலத் தோன்றச் செய்வதற்கு மனிதன் கண்ட உபாயங்களுள் மிகப் பழமையானது விளக்கு. மண்ணாலோ மரத்தாலோ தோலாலோ செய்த உருவம் எத்துணை அழகாக இருப்பினும், பகல் வெளிச்சத்தில் அது வெறும் பொம்மையே. இருளில் அதன் பின்னே ஒரு சுடரை ஏற்றி வைத்தால், அதே பொம்மை மூச்சுவிடத் தொடங்குகிறது. இந்த உண்மையைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே, பாரதப்புழையின் கரையில் வாழ்ந்த கலைஞர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே நன்கு அறிந்திருந்தார்கள். அவர்கள் ஏற்றிய விளக்கின் வரலாறும், அந்த விளக்கு மின்விளக்காகி, மின்விளக்கு இன்று மின்னணுப் பொறியாக மாறியிருக்கும் வரலாறும் இப்பேச்சின் பொருள்.

வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழ் அன்பர்களுக்கு இப்பொருள் அந்நியமானதன்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளிற் சிலர், பெட்டியில் அடைத்து விற்கப்படும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் வரும் விண்கப்பல்களின் மாதிரிகளைச் செய்கிறார்கள். ஒட்டி வர்ணம் பூசியதோடு அவர்கள் நிறைவடைவதில்லை. கப்பலின் சாளரங்களில் வெளிச்சம் தெரிய வேண்டும். இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைய வேண்டும். அப்போதுதான் அது கப்பல். இவ்விளையாட்டு மேல்நாட்டிலிருந்து நேற்று வந்தது என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். பெட்டி அங்கிருந்து வந்தது உண்மையே. அதற்குள் விளக்கை வைக்கும் ஆசை நம் அயலிலேயே நெடுங்காலமாக இருந்து வருவது.

முதலில் மேல்நாட்டுச் செய்தியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடருக்காக, 'எண்டர்பிரைஸ்' என்ற விண்கப்பலின் மாதிரி ஒன்றை 1964ஆம் ஆண்டில் செய்தார்கள். ஏறத்தாழ 11 அடி நீளமுள்ள அம்மாதிரி பெரும்பாலும் மரத்தாலானது. தொடக்கத்தில் அதற்குள் விளக்கு இல்லை. தொடருக்கென மீண்டும் படம் எடுக்கையில், சாளரங்களுக்குள் விளக்குகளைப் பொருத்தினார்கள். கப்பலின் இயந்திரக் குழாய்களின் முகப்பில், கிறிஸ்துமஸ் மரத்துக்குப் போடும் மின்னும் வர்ண விளக்குகளை வைத்து, அவற்றின் முன்னே ஒரு சிறு மோட்டாரால் தகடுகளைச் சுழல விட்டார்கள். உள்ளே ஏதோ பெரிய சக்தி கொதிப்பதுபோலத் தோற்றம் உண்டாயிற்று. விளக்குகளின் கம்பிகள் கப்பலின் இடப்பக்கத்து வழியே வெளிவந்தமையால், வலப்பக்கத்தை மட்டுமே படம் பிடித்தார்கள். அக்காலத்திலேயே இக்கப்பலின் சிறு மாதிரிகள் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன. பெரிய மாதிரி 1974ஆம் ஆண்டு முதல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருக்கிறது.

பார்வையாளன் காண்பது ஒரு பக்கம், கம்பியும் வியர்வையும் மறுபக்கம் என்ற இந்த ஏற்பாடு, பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தை அறிந்தவர்களுக்குப் புதுமையாகத் தோன்றாது.

பாலக்காடு இன்று கேரள மாநிலத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்படும்வரை, அது சென்னை மாநிலத்தின் மலையாள மாவட்டமாகிய மலபாரில் அடங்கியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. கோயம்புத்தூர்ச் சமவெளியின் காற்றும் வணிகமும் மொழியும் அவ்வழியே மேற்கு நோக்கிச் சென்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய எல்லைப்புற ஊர்களில் இன்றும் தமிழ் வீட்டுமொழியாக வழங்குகிறது. இவ்வழியே மேற்கே சென்ற செல்வங்களுள் தலையாயது கம்பனுடைய இராமாயணம்.

பாலக்காடு மாவட்டத்திலும், அதை அடுத்த திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களிலும் உள்ள பகவதி கோயில்கள் பலவற்றில், கோயிலுக்கு எதிரே தனியாக ஒரு நீண்ட கட்டிடம் நிற்பதைக் காணலாம். அதற்குக் கூத்துமாடம் என்று பெயர். மரபான கூத்துமாடம் 42 அடி நீளம் உடையது. அறுவடை முடிந்தபின், தை மாதம் தொடங்கி வைகாசி வரையில், கோயிலுக்கேற்ப 7 இரவு, 14 இரவு, 21 இரவு, இன்னும் சில இடங்களில் அதற்கு மேலும், இம்மாடத்தில் இராமாயணக் கதை நிழலாக நடைபெறுகிறது. பாடப்படும் பாடல்கள் கம்பனுடைய தமிழ்ப் பாடல்கள். பாடுவோர் மலையாளிகள். கூத்துக்கென அமைந்த பாடல் தொகுதியை 'ஆடல்பற்று' என்கிறார்கள்; இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் அதில் உண்டு. சின்னத்தம்பி வாத்தியார் என்பவர் இக்கூத்தை வகுத்தார் என்பது கலைஞர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி.

ஏன் பகவதி கோயிலில் இராமாயணம் என்று கேட்கத் தோன்றும். இதற்கொரு கதை சொல்லுகிறார்கள். இராமன் இராவணனை வதம் செய்த வேளையில், பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம். ஆதலால் அவளால் இராவண வதத்தைக் காண இயலவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே ஆண்டுதோறும் அவள் முன்னிலையில் இக்கூத்தை நடத்துகிறார்கள். கூத்தின் முதன்மையான பார்வையாளர் தேவியே என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சொல்லப்போகும் செய்திக்கு இது அடிப்படை.

இனி விளக்குகளைக் காண்போம். மாடத்தின் முகப்பு முழுவதும் ஒரு துணி கட்டப்படுகிறது. அதன் மேற்பகுதி வெள்ளை, கீழ்ப்பகுதி கறுப்பு. துணிக்குப் பின்னே நீண்ட மரச்சட்டத்தின்மேல் 21 விளக்குகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. விளக்கு என்றால் பித்தளைக் குத்துவிளக்கு அன்று. தேங்காயை இரண்டாக உடைத்த மூடியில் எண்ணெய் வார்த்துத் திரியிட்டது. கோயில் விளக்கிலிருந்து கொண்டுவரும் தீயால் இவற்றை ஏற்றுகிறார்கள். 42 அடிக்கு 21 விளக்கு என்றால், சராசரியாக இரண்டு அடிக்கு ஒன்று ஆகிறது. ஓரிடத்தில் வெளிச்சம் மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் போகாமல், திரை முழுவதும் ஒரே சீராக ஒளிபெறுவதற்கு இந்த ஏற்பாடு துணை செய்கிறது.

பாவைகளை முன்னாளில் மான்தோலால் செய்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர், ஆட்டுத்தோல் முதலியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். முழுக் கதைக்கு ஏறத்தாழ 160 பாவைகள் வேண்டும். ஒரே பாத்திரத்துக்கு நின்ற கோலம், அமர்ந்த கோலம், போர்க்கோலம் என்று வெவ்வேறு பாவைகள் உண்டு. தோலில் சிற்றுளியால் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இடப்படுகின்றன. மகுடத்தின் மணியும், ஆரத்தின் முத்தும், ஆடையின் கரையும் எல்லாம் துளைகளே. விளக்கு எரியாதபோது இவை வெறும் ஓட்டைகள். விளக்கு எரியும்போது அணிகலன்கள். விண்கப்பலின் சாளரத்துக்குத் துளையிட்டு உள்ளே விளக்கு வைக்கும் சிறுவன் செய்வதும் இதே வேலைதான்.

பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழுகிறது. சிறிது பின்னே இழுத்தால், ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிழல் ஒன்றைத் தர, உருவம் பலவாகக் கலைந்து மங்கி மறைகிறது. மாயமானும் அரக்கர்களும் தோன்றி மறைவதற்கு வேறு யந்திரம் வேண்டியதில்லை. கையின் அசைவு ஒன்றே போதும். போர்க்காட்சிகளில் தீயின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவுகிறார்கள். பொடி குபீரென்று பற்றித் திரை முழுவதும் ஒரு கணம் பளிச்சிடுகிறது, அம்பு மின்னலாகிறது. மின்சாரம் வருவதற்கு முன்னரே மின்னும் விளக்கு இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

எண்ணெய்ச் சுடருக்கு மற்றொரு குணம் உண்டு. அது ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. சூடான வாயு மேலே எழ, குளிர்ந்த காற்று பக்கங்களிலிருந்து உள்ளே பாய, சுடர் இடைவிடாமல் நடுங்குகிறது. அதனோடு நிழலும் நடுங்குகிறது. தோல்பாவைகள் பலவற்றில் ஒரு கை மட்டுமே அசையும். முகம் அசைவதே இல்லை. ஆயினும், காண்பவர் கண்ணுக்கு இராமன் சிந்திப்பதாகவும் வாலி பெருமூச்சு விடுவதாகவும் தோன்றுகிறது. கலைஞன் கொடுக்காத அசைவைச் சுடர் கொடுத்துவிடுகிறது.

இப்போது மின்சாரத்தின் வரலாற்றுக்கு வருவோம். அதற்கு நாம் பாலக்காட்டிலிருந்து மலைத்தொடர் வழியே தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும். ஆனைமலைக்கு அப்பால் மூணாறு, மறையூர், தேவிகுளம், மேலும் தெற்கே பீருமேடு, வண்டிப்பெரியாறு, குமுளி என்று விரியும் மலைநாடு, 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் முதல் இடுக்கி மாவட்டம் என்ற பெயரால் வழங்குகிறது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்களில் மிகப் பலர் தமிழர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் திட்டமாகிய பள்ளிவாசல் நிலையம் மூணாற்றுக்கு அருகில் 1940ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. முதிரப்புழையின் நீரே அதற்கு ஆதாரம். பின்னர்ப் பெரியாற்றின் குறுக்கே, குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையில், 169 மீட்டர் உயரமுள்ள வில்வடிவ அணை எழுந்தது. 780 மெகாவாட் ஆற்றலுக்குத் திட்டமிட்ட அந்த இடுக்கி மின்திட்டம் 1976ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. கேரளத்தின் வீடுகளில் எரியும் விளக்குகளுக்கு இம்மலைநாடு பெருந்துணை ஆயிற்று.

மின்சாரம் எட்டிய ஊர்களில் கோயில் திருவிழாவின் தோற்றமே மாறிற்று. தமிழர் வாழும் இடங்களில் எல்லாம் மாரியம்மன் திருவிழா என்றால் 'சீரியல் செட்' இல்லாமல் முடியாது. பலகையிலோ மூங்கில் சட்டத்திலோ அம்மன் உருவத்தையும் மயிலையும் தாமரையையும் வரைந்து, அக்கோடுகளின்மேல் சிறு வர்ண விளக்குகளை வரிசையாகக் கட்டி, உயரத்தில் நிறுத்துகிறார்கள். பாலக்காடு மாவட்டத்தில் நெம்மாறை, வல்லங்கி ஆகிய இரண்டு ஊர்களும் போட்டியிட்டு நடத்தும் வேலைத் திருவிழாவில், யானைகள் நிற்கும் பந்தல்களை விளக்குகளாலேயே மாளிகைபோல ஆக்கிவிடுகிறார்கள்.

சீரியல் செட் என்ற பெயரிலேயே அதன் தத்துவம் அடங்கியிருக்கிறது. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்படுகின்றன. 6 வோல்ட் விளக்குகள் 40ஐத் தொடராகச் சேர்த்தால், மொத்தம் 240 வோல்ட் ஆகிறது. வீட்டு மின்சாரத்தில் நேராக மாட்டிவிடலாம். இத்தொடரில் ஒரே ஒரு விளக்கு தனி வகையானது. அதனுள்ளே, வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு இருக்கிறது. மின்னோட்டம் சூட்டை உண்டாக்க, தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது. தொடர் அன்றோ? ஆகவே எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைகின்றன. தகடு ஆறியதும் நிமிர்கிறது; எல்லாம் மீண்டும் எரிகின்றன. அமெரிக்க விண்கப்பலுக்குள் மின்னிய கிறிஸ்துமஸ் விளக்கும், நம் அம்மன் பலகையில் மின்னிய விளக்கும் இவ்வகையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சக்கரம் சுழல வேண்டும், மலர் விரிய வேண்டும் என்றால் இது போதாது. விளக்குகளை வரிசை வரிசையாகப் பிரித்து, ஒன்று அணைய மற்றொன்று எரியுமாறு செய்ய வேண்டும். அதற்கு நம் விளக்குக்காரர்கள் ஓர் உருளையைப் பயன்படுத்தினார்கள். மின்சாரம் பாயாத உருளையின்மேல் செம்புத் தகடுகளைப் படிப்படியாக ஒட்டி, அதைச் சிறு மோட்டாரால் சுழற்றினார்கள். உருளையைத் தொட்டு நிற்கும் உலோக நாக்குகள் ஒவ்வொன்றும் ஒரு வரிசைக்கு மின்சாரம் தந்தன. எந்தத் தகடு எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து, எந்த வரிசை எவ்வளவு நேரம் எரியும் என்பது அமைந்தது. இன்றைய கணினி நிரலின் எளிய வடிவம் அவ்வுருளையிலேயே எழுதப்பட்டிருந்தது எனலாம். இப்போது அவ்வேலையை விரல் நுனியளவு சில்லு ஒன்று செய்துவிடுகிறது.

இனி, மின்விளக்கு கூத்துமாடத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்ற வினா எழுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஷொர்ணூருக்கு அருகில் உள்ள கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர், இக்கலையைக் கோயில் மாடத்திலிருந்து பொது மேடைக்குக் கொண்டுவந்தார். 21 இரவுக் கதை ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. எடுத்துச் செல்லத்தக்க சிறு திரை அமைந்தது. வெளியூர் மேடைகளில் மின்விளக்கும் இடம்பெற்றது. வெளிச்சம் கூடிற்று, புகை குறைந்தது, தீப்பிடிக்கும் அச்சம் நீங்கிற்று. இவையெல்லாம் நன்மைகளே.

ஆனால் ஒன்று போயிற்று. மின்விளக்கு நடுங்குவதில்லை. அதன் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கினாலும் நம் கண் அதை அறிவதில்லை. அசையாத விளக்கின் முன்னே அசையாத முகம், உள்ளபடியே அசையாத முகமாகத்தான் தெரியும். ஆகவேதான் மின்விளக்கைக் கண்டுபிடித்த மனிதன், உடனடியாக அதை மின்னச் செய்யவும் வழி தேடினான். சுடர் இலவசமாகத் தந்ததை அவன் சூழ்ச்சியால் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. மாதிரிக் கப்பலில் மின்னும் விளக்கை வைப்பதன் உட்கருத்து இதுவே.

அச்சூழ்ச்சியின் வரலாறும் சுவையானது. ஆபிரகாம், பிளாக் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர், முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், இரண்டு வால்வுகளை எதிரெதிராக இணைத்து, ஒன்று இயங்கும்போது மற்றொன்று ஓயும்படி செய்தார்கள். 1947ஆம் ஆண்டில் டிரான்சிஸ்டர் பிறந்தபின், அதே சுற்றை உள்ளங்கையில் அடக்க முடிந்தது. இரண்டு டிரான்சிஸ்டர்கள், இரண்டு மின்தேக்கிகள், நான்கு மின்தடைகள், ஒரு மின்கலம்: இவை போதும். மின்தேக்கியை ஒரு குடமாக எண்ணிக்கொள்ளலாம். மின்தடை என்னும் சிறு குழாய் வழியே மின்சாரம் மெல்ல வந்து குடத்தை நிரப்புகிறது. ஓர் அளவுக்கு நிரம்பியதும் இந்தப் பக்கத்து விளக்கு அணைந்து அந்தப் பக்கத்து விளக்கு எரிகிறது. அடுத்த குடம் நிரம்பத் தொடங்குகிறது. குடம் பெரிதானால் மின்னல் மெதுவாகும். குழாய் பெரிதானால் விரைவாகும்.

1962ஆம் ஆண்டில் நிக் ஹோலோன்யாக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் டயோடைச் செய்துகாட்டினார். அதைத்தான் நாம் இன்று எல்.இ.டி. என்கிறோம். இழை இல்லாதது, சூடு குறைவு, அரிசியளவில் கிடைப்பது. பிளாஸ்டிக்கை உருக்கிவிடாமல் மாதிரிக்குள் வைப்பதற்கு இதனினும் ஏற்றது இல்லை. 1971ஆம் ஆண்டில் ஹான்ஸ் கேமன்சிண்ட் என்பவர் வடிவமைத்து, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த 555 என்னும் சில்லு, மின்னும் சுற்றை இன்னும் எளிதாக்கிற்று. 9 வோல்ட் மின்கலத்தோடு ஒரு சிவப்பு எல்.இ.டி.யை நேராக இணைத்தால் அது கருகிவிடும். இடையே 470 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் மட்டுமே பாய்ந்து விளக்கு நெடுநாள் உழைக்கும். இவற்றை அறிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை விண்கப்பலுக்கு விளக்கு வைத்துவிடலாம். எண்ணெய்ச் சுடர்போலவே ஒழுங்கின்றி நடுங்கும்படி மின்னோட்டத்தை ஏற்றி இறக்கும் சில்லுகளும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. விஞ்ஞானம் ஒரு நூற்றாண்டு நடந்து, தேங்காய் மூடி விளக்கின் நடுக்கத்தை மீண்டும் வந்து தொட்டிருக்கிறது.

2021ஆம் ஆண்டில் இவ்விரண்டு வரலாறுகளும் ஓரிடத்தில் சந்தித்தன. பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காக, தாமே அசையும் தோல்பாவைகளைச் செய்யும் முயற்சி நடைபெற்றது. கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பத்தைச் சேர்ந்த ராஜீவ் புலவரும், திருச்சூரைச் சேர்ந்த இன்கர் ரோபோட்டிக்ஸ் என்னும் நிறுவனமும் இதில் ஈடுபட்டனர். தலைமுறைகளாகக் கையால் ஆட்டிய பாவைகளை மோட்டார்கள் ஆட்டலாயின. எப்போது எந்த உறுப்பு அசைய வேண்டும் என்பதைக் கணினி நிரல் கட்டளையிடலாயிற்று. அதே ஆண்டில், கிருஷ்ணன்குட்டிப் புலவரின் புதல்வர் இராமச்சந்திரப் புலவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. காந்தியடிகளின் வாழ்க்கையையும் தோல்பாவைகளால் நடத்திக்காட்டியவர் அவர். புதுமைக்கு அஞ்சாத குடும்பம் என்பதில் ஐயமில்லை.

இதனை வரவேற்பதா, கவலைப்படுவதா? இரண்டுக்கும் இடம் உண்டு. கூத்துமாடத்தின் உண்மை நிலையை அறிந்தால் இது விளங்கும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இக்கூத்தைப் பல இரவுகள் இருந்து கண்டு, 1996ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். திரைக்கு முன்னே மனிதர் எவரும் இல்லாத இரவுகள் பல என்பதை அவர் பதிவுசெய்திருக்கிறார். நள்ளிரவில் ஊர் உறங்கும். மைதானம் வெறிச்சென்று கிடக்கும். தேவி ஒருத்தியே பார்வையாளர். ஆயினும் புலவர்கள் பாடுகிறார்கள். பாடுவதோடு நிற்பதில்லை. ஒருவர் கம்பனின் பாடலைச் சொல்லிப் பொருள் விரிக்க, மற்றவர் வினா எழுப்ப, இலக்கணமும் புராணமும் சோதிடமும் கலந்து, ஒரு பாடலுக்கு நெடுநேரம் உரை நடக்கிறது. பாவையாட்டிக்குப் 'புலவர்' என்ற பெயர் வந்ததும் இதனாலேயே.

பாவையை மோட்டார் ஆட்டலாம். விளக்கைச் சில்லு மின்னச் செய்யலாம். அருங்காட்சியகத்துக்கு வரும் சிறுவன் அதைக் கண்டு வியந்து, கூத்துமாடத்தைத் தேடிச் சென்றால் அது பெரும் பேறு. ஆனால், மோட்டார் உயர்த்திய இராமனுடைய கை ஏன் உயர்ந்தது என்று அவன் கேட்டால், விடை சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டாயிரம் பாடல்களை நெஞ்சில் இருத்துவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இளைஞர்கள் அதற்கு முன்வராமற் போனால், அசையும் பாவை மட்டும் மிஞ்சும். அது பேசிய தமிழ் மிஞ்சாது. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கம்பனுக்காக இத்தனை தலைமுறை கண்விழித்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் தோல்பாவைக்கூத்தைக் காத்து வந்தவர்கள் மராத்தியை வீட்டில் பேசும் மண்டிகர் குலத்தவரே. ஒரு மொழியின் செல்வம், அதைப் பேசப் பிறந்தவர் கையில் மட்டுமே தங்கும் என்பதில்லை. அதற்காக உழைப்பவர் கையில் தங்கும்.

வெளிமாநிலத் தமிழர்களுக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். நவராத்திரி வரும்போது, மாதுங்காவிலும் கரோல்பாகிலும் நம் வீடுகளில் கொலு வைக்கிறோம். படிகளுக்குக் கீழே பூங்காவும் மலையும் ரயிலும் அமைக்கிறோம். பிள்ளைகள் அங்கே விளக்குகளைச் சுற்றுகிறார்கள். அவர்கள் செய்த விண்கப்பலும் சந்திரயான் மாதிரியும் அந்தப் படியில் இடம்பெறட்டும். பக்கத்தில் அட்டையில் வெட்டிய ஒரு புஷ்பக விமானமும் இருக்கட்டும். அதன் சாளரங்களில் சிறு துளைகள் இட்டு, பின்னே ஓர் எல்.இ.டி.யை வைத்து, மெல்லிய வெள்ளைத் துணியின்மேல் நிழல் விழச் செய்யட்டும். மின்தடை எதற்கு, மின்தேக்கி எதற்கு என்று பிள்ளை பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.

பின்னர்ப் பெரியவர்கள் தம் பங்கைச் செய்ய வேண்டும். அவ்விமானத்தில் ஏறி அயோத்தி திரும்பியவர் யார், அதை முதலில் வைத்திருந்தவர் யார், இராவணன் கைக்கு அது வந்தது எப்படி என்பவற்றைத் தமிழிலே சொல்ல வேண்டும். பிள்ளை குறுக்கே கேட்கும் வினாவுக்கு நின்று விடை தர வேண்டும். மின்னும் சுற்றை ஒரு மாலைப் பொழுதில் கற்றுவிடலாம். கதையைச் சொல்லிப் பழகுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆகையால் அதனை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.